யார் முதுகில் பழகிய கை

2011இல் அம்மாவுக்கு மூளைக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். 'முதுகுல தண்ணி எடுக்கணும், கையெழுத்துப் போடுங்க' என்றார்கள். தாளை வாசிக்க எடுத்தேன். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்கள். எம்.ஏ. படித்தவனுக்கே இந்த மரியாதை, கைநாட்டு வைக்கிறவர்களுக்கு?

ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு ஒடுக்கி, முதுகை வளைக்கணும். அப்போதுதான் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசி போகிற அளவு இடைவெளி விரியும். நாற்பது வருஷம் நாற்று நட்டவளுக்கு வளையச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊசி பிடித்தவர் பயிற்சி டாக்டர், சின்னப் பையன். முதல் குத்து எலும்பில் முட்டியது. அடுத்ததில் ரத்தம். பெரிய டாக்டர் அவள் முதுகைக் காட்டி இங்கிலீஷில் பாடம் நடத்தினார். நாலாவது குத்தில் தண்ணீர் சொட்டியது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊரில் தொட்டால் தீட்டாகிற உடம்பு, படிப்புக்கு மட்டும் ஆகும்.

பழகாமல் கை வராது, ஒப்புக்கொள்கிறேன். 1891இல் ஜெர்மனியில் குவிங்கே இந்த முறையைக் கொண்டுவந்ததிலிருந்து ஒவ்வொரு டாக்டருக்கும் முதல் முதுகு ஒன்று இருந்துதானே ஆகணும். அந்த முதுகு ஏன் எப்போதும் இலவச வார்டிலேயே கிடைக்கிறது? பிணத்திலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1752 சட்டப்படி கொலைகாரனின் பிணத்தை அறுப்பது தண்டனை. 1832இல் புதுச்சட்டம் போட்டு, கேட்பாரற்ற ஏழைகளின் பிணத்தை அறுக்கக் கொடுத்தார்கள். ஏழை என்ன கொலை பண்ணினான்?

அம்மா பிழைத்து வந்தாள். நான் கொதித்துக்கொண்டிருந்தபோது, 'அந்தப் புள்ளைக்குக் கை நடுங்குச்சுடா, பாவம். எங்கிட்ட சொல்லியிருந்தா, பயப்படாத குத்துப்பான்னு சொல்லியிருப்பேன்' என்றாள். அவள் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள். கேட்டு வாங்கினால் கடன்பட்டதாகிவிடும்; அதனால்தான் கேட்பதில்லை என்று நினைக்கிறேன்.

அந்தக் கடன் சின்னதல்ல. தண்டுவடத் தசைச் சிதைவு என்று ஒரு அரிய நோய். தண்டுவடத்தில் தசையை இயக்குகிற நரம்பணுக்கள் செத்துக்கொண்டே போகும். கடுமையாக வந்தால் குழந்தைக்குத் தலைகூட நிற்காது. அதற்கு நுசினெர்சென் என்ற மருந்தை 2016இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அப்போது அறிவித்த விலை ஊசி ஒன்றுக்கு 1,25,000 டாலர். முதல் வருஷம் ஆறு ஊசி. அதையும் முதுகில்தான் போடுகிறார்கள், அதே இடைவெளியில், எங்கேயோ யாரோ ஒருத்தியின் முதுகில் பழகிய கையால்.

எங்கள் தெருவிலும் அப்படியொரு குழந்தை இருந்தது. தாய்க்காரிக்கு டாக்டர் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். எந்த மெடிக்கல்ல கிடைக்கும்னு கேட்டு என்னிடம்தான் கொண்டுவந்தாள்.