10 கோடியில் ஒன்று



நம் ஊரின் பெயரிலேயே ஒரு குவியல் இருக்கிறது. பழந்தமிழில் குப்பை என்றால் குவியல். நெற்குப்பை என்றால் நெற்குவியல். களத்தில் அம்பாரமாய்க் கிடக்கும் நெல்லில் ஒரு மணியைத் தனியே எடுத்து எவரேனும் பார்ப்பதுண்டோ?

இப்போது மனத்தால் இலண்டன் மாநகருக்கு வாருங்கள். தேம்ஸ் நதிக்கரையில், முன்னே மின்சாரம் உற்பத்தி செய்த ஒரு பெரிய கட்டடம் 2000-ம் ஆண்டு முதல் டேட் மாடர்ன் என்னும் நவீனக் கலைக்கூடமாய் விளங்குகிறது. 2010-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சீன தேசத்துக் கலைஞர் ஐ வெய்வெய் அதன் பெருங்கூடத்துத் தரையில் சூரியகாந்தி விதைகளைப் பரப்பி வைத்தார். சுமார் 10 கோடி விதைகள்! பார்க்க வந்தோர் அவற்றை மிதித்து நடந்தார்கள்.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாலோ, அது விதையன்று, பீங்கான். பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென் நகரில் 1600-க்கு மேற்பட்ட தொழிலாளர் இரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்து, சூளையில் சுட்டு, ஒவ்வொரு விதைக்கும் தூரிகையால் கோடு தீட்டியிருந்தார்கள். தூர நின்றவனுக்கு அது சாம்பல் நிறத் தரை; குனிந்து பார்த்தவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு கையின் வேலை. பீங்கான் தூசி எழுந்தபடியால், சில நாளிலேயே அதன்மேல் நடப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கிறிஸ்தவர்களே! மனிதரைப் பார்ப்பதிலும் நாம் தூர நிற்கிறவர்களே. கூட்டம் என்கிறோம், கூலியாள் என்கிறோம். நடவுக்கு வருகிறவளின் பெயரைக் கேட்டதுண்டா? கோயிலில் கடைசி வரிசையில் முக்காடிட்டு முழந்தாளில் நிற்கும் விதவைத் தாய் இரண்டு ஞாயிறாய்ப் பூசைக்கு வரவில்லையே, ஏனென்று விசாரித்தோமா? உங்களை மாத்திரம் குறை சொல்லவில்லை. பங்குப் புத்தகத்தில் இத்தனை குடும்பம், இத்தனை ஆத்துமங்கள் என்று எழுதிப் பேனாவை மூடி வைத்தவன் நானும்தான்.

சர்வேசுரன் அப்படி எண்ணுவதில்லை. நம் தலைமயிர் ஒவ்வொன்றும் அவர் கணக்கில் இருப்பதாகச் சேசுநாதர் சுவாமி போதித்தார். காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனின் உவமையும் அவர் சொன்னதே. அவர் கை உண்டாக்கிய ஆத்துமத்தை நாம் பாராமல் மிதித்து நடக்கலாமோ?

ஆகையால் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். தினமும் கண்டும் பெயர் அறியாத ஒருவரிடம் போய்ப் பெயரைக் கேளுங்கள். இரவு செபமாலையில் அந்தப் பெயரைச் சொல்லி ஓர் அருள்நிறை மந்திரம் ஒப்புக்கொடுங்கள். கடைசி வரிசைத் தாயின் வீட்டுக்கு நான் போகிறேன்.

சர்வேசுரன் உங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமியார்