பகடைக்குக் கட்டுப்படுதல்

பொழுதுபோக்குக்குப் பகடை உருட்டலாமா என்பது பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய இறையியல் சச்சரவாக இருந்தது. காசு கரையும், குடும்பம் கெடும் என்பதோடு பியூரிட்டன் போதகர்கள் நின்றுவிடவில்லை. சீட்டுப் போட்டு முடிவெடுப்பது கடவுளிடமே தீர்ப்புக் கேட்பது. அதை விளையாட்டில் சேர்ப்பது அவரை அற்பக் காரியத்துக்கு இழுப்பது என்றார்கள். 1619இல் தாமஸ் கேட்டக்கர் இதை மறுத்து ஒரு நூலே எழுதினார். அவரும் பியூரிட்டன் சார்புள்ள போதகர்தான். உலகில் நடக்கும் மற்றக் காரியங்களில் இறைவனுக்கு என்ன பங்கோ அதே பங்குதான் பகடையிலும். அதில் தனியாக ஒரு தெய்வ வாக்கு இல்லை. ஆகவே குறி கேட்கச் சீட்டுப் போடுவதுதான் தவறு, விளையாடுவது தவறல்ல என்பது அவர் வாதம். நியாயம் கேட்டக்கர் பக்கம்தான். ஆனால் அவர் வென்ற இடத்திலேயே வேறொரு கேள்வி முளைக்கிறது. பகடை வழியாக யாரும் பேசவில்லை என்றால், அது விழுந்தபடி நாம் ஏன் நடக்க வேண்டும்? சூதாடியைக் கேட்டுப் பயனில்லை; அவனைக் கட்டிப்போடுவது பந்தயப் பணம். பணமும் இல்லாமல், பகடைக்கு முழுக்கக் கட்டுப்பட்டும் நடக்கும் ஓர் ஆட்டத்தில்தான் இதற்கு விடை தேட வேண்டும். ஈய வீரர்களையும் பிளாஸ்டிக் வீரர்களையும் மேசையில் பரப்பி, தாங்களே எழுதிய விதிகளைக் கொண்டு பெரியவர்கள் ஆடும் பொம்மைப் போர் அப்படிப்பட்டது.

அந்த விதிகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். வீட்டில் எழுதிய ஒரு நோட்டில் இப்படி இருக்கும்: சுடும் வீரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பகடை; கிட்டத்தில் நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் எதிரி ஒருவன் சாய்வான், எட்டத்தில் ஆறு விழுந்தால்தான் உண்டு; சுவருக்குப் பின்னால் இருப்பவன் அடிபட்டால் அவன் பிழைக்கிறானா என்று இன்னொரு முறை உருட்ட வேண்டும். படை பயந்து ஓடுமா, நிற்குமா என்பதற்கு மட்டும் இரண்டு பகடைகள். இந்த இரண்டாவது பகடையில்தான் விதி எழுதியவரின் மனம் தெரிகிறது. ஒரு பகடையில் எல்லா எண்ணும் ஒரே தரம். இரண்டைக் கூட்டினால் ஏழு வருவதற்கு 36இல் 6 வழிகள். இரண்டு வருவதற்கு ஒரே வழி. பழுத்த படை பெரும்பாலும் நிற்கும், என்றாவது ஒருநாள் காரணமே தெரியாமல் சிதறும் என்று நம்புகிறவர் இரண்டு பகடைகளை எடுக்கிறார். போரைப் பற்றித் தனக்கு எது தெரியும், எது தெரியாது, தெரியாததன் அளவு எவ்வளவு என்பதை அவர் ஒரு அட்டவணையாக எழுதி வைத்துவிடுகிறார். டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் வெளியிட்ட 'வார் கேம்ஸ்' நூல் ஒரே சட்டத்தைத் திணிக்காமல், பண்டைக்காலப் போருக்கு டோனி பாத், நவீனப் போருக்கு லயனல் டார், இடைப்பட்ட காலத்துக்கு ஃபெதர்ஸ்டோன் என்று வெவ்வேறு விதிகளை வைத்தது. ஃபெதர்ஸ்டோன் இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். போரைக் கண்டவரும் பகடையை விட்டுவிடவில்லை.

என் வாதம் இதுதான். தெரியாத இடத்தை நம் ஆசை வந்து நிரப்பிவிடாதபடி காவல் வைப்பதற்காகவே பகடைக்குக் கட்டுப்படுகிறோம். பகடைக்கு ஞானம் எதுவும் தேவையில்லை. ஆசை இல்லாதிருந்தால் போதும். வீட்டில் செய்த ஆட்டத்தின் வசீகரமும் இங்கேதான் இருக்கிறது: சட்டம் இயற்றியவரே அதன் கீழ்க் குடிமகனாகவும் வாழ்கிறார்.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரியவர்களின் ஆட்டத்திலேயே சான்று உண்டு. பிரஷ்ய அதிகாரி இளைய ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டத்தில் இழப்புகளைத் தீர்மானிக்க நடுவர் பகடை உருட்டினார். அட்டவணைகள் இழுவையாக இருக்கின்றன என்று அலுத்துப்போன வெர்டி டு வெர்னுவா, 1876இல் நடுவரின் அனுபவமே போதும் என்றார். அனுபவசாலிக்குப் பகடை எதற்கு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1942 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். யமாட்டோ போர்க்கப்பலில் ஜப்பானியக் கடற்படை, பசிபிக் கடலின் மிட்வே தீவு மீதான தாக்குதலை மேசையில் ஒத்திகை பார்த்தது. அதில் பகடைப்படி ஜப்பானிய விமானந்தாங்கிகள் மீது ஒன்பது குண்டுகள் விழுந்தன. தலைமை நடுவராக இருந்த உகாகி அதை மூன்றாகக் குறைத்தார். மூழ்கிய அகாகி பிழைத்தது. மூழ்கியதாகவே விடப்பட்ட ககாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது. ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளான ஃபுச்சிடாவும் ஒகுமியாவும் போருக்குப் பின் எழுதிய நூலில் இதைச் சொல்கிறார்கள். ஜூனில் நடந்த உண்மைப் போரில் அந்த இரண்டோடு இன்னும் இரண்டு விமானந்தாங்கிகளும் போயின. இதைப் பகடையின் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. அது கேட்டக்கர் ஒதுக்கிய குறி கேட்டலுக்கே திரும்புவது. ஒத்திகையில் குண்டு போட்டவை தரையிலிருந்து கிளம்பிய விமானங்கள். கடலில் அந்தக் கப்பல்களை முடித்தவை அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தவை. பகடைக்கு எதிர்காலம் தெரியாது. உகாகி திருத்தியதில் போனது, தன் திட்டம் தோற்கக்கூடும் என்பதை ஒரு நிமிடமாவது பார்க்கும் வாய்ப்பு.

சதுரங்கத்தில் பகடை இல்லையே, அது இன்னும் தூய்மையான ஆட்டமல்லவா என்று கேட்கலாம். தூய்மையானதுதான். ஆனால் அதில் சிப்பாய் சொன்னபடி நகர்வான். மறுக்க மாட்டான், பயப்பட மாட்டான். எச்.ஜி.வெல்ஸ் 1913இல் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' நூலிலும் சுடுவதற்குப் பகடை கிடையாது. சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் உண்மையிலேயே குறிபார்த்துச் சுட வேண்டும். அது கைத்திறனைச் சோதிக்கும், குதூகலமும் தரும். தன் தலைவனின் சொல்லை மீறக்கூடிய படையை மட்டும் அதனால் தர முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: மனிதர் சாவதை விளையாட்டாக்கலாமா? வெல்ஸின் பதில், பொம்மைப் போரை ஆடிப் பார்த்தவனுக்கு உண்மைப் போரின் மடத்தனம் விளங்கும் என்பது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. மறு ஆண்டே பெரும் போர் மூண்டபோது, போரையே ஒழிக்கும் போர் இது என்று ஆதரித்து எழுதியவரும் அவர்தான். பொம்மைகள் யாரையும் அகிம்சைவாதி ஆக்குவதில்லை, கொலைகாரனும் ஆக்குவதில்லை. அவை தரும் பயிற்சி மிகச் சிறியது: பிடித்த படைப்பிரிவு அழிவதை விதி மாற்றாமல் பார்த்துக்கொண்டிருப்பது.

நம் வாசகர் இங்கே தருமனை நினைக்காமல் இருக்க மாட்டார். பகடைக்குக் கட்டுப்பட்டே நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் இழந்தவன் அவன். கட்டுப்படுவது அவ்வளவு பெரிய அறமா? வெறும் கீழ்ப்படிதல் அறமல்ல என்பதை அந்தச் சபையை விடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் அங்கே காய் உருட்டியது எதிர்த்தரப்புச் சகுனி. பணயத்துக்கு வரம்பில்லை, வைக்கப்பட்டவர்களோ உயிருள்ள மனிதர்கள். பொம்மைப் போரில் விதி இருவருக்கும் பொது, எல்லை முன்கூட்டியே தெரியும், இழப்பு ஈயம். கட்டுப்படுவது நல்லதா என்பதை இந்த நிபந்தனைகள்தான் தீர்மானிக்கின்றன.

கடைசி ஆட்சேபம் என் வாதத்தின் அடிமடியிலேயே கை வைக்கிறது. நான்கு விழுந்தால் சாவா, ஐந்து விழுந்தால் சாவா என்று எழுதியவர் அந்த மனிதர்தானே? ஆசை முன்வாசல் வழியாக வராமல் அட்டவணை வழியாக வந்துவிட்டது. உண்மைதான். பிரிட்டிஷ் வீரனுக்கு மட்டும் ஒரு எண் கூடுதலாகக் கொடுக்கும் தேசபக்தியை எந்தப் பகடையும் தடுக்காது. ஆனால் எழுதி வைத்த பாரபட்சம் கண்ணுக்குத் தெரியும். எதிராளி அதைச் சுட்டலாம். அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாற்றி உட்காரலாம். உகாகியின் திருத்தத்தோடு அப்படி வழக்காட முடியாது. அது நேரம் பார்த்து, ஆள் பார்த்து வந்தது. எதிராளியே இல்லாத ஆட்டமும் உண்டு. ஃபெதர்ஸ்டோன் 1973இல் தனியாக ஆடுவதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அங்கே இரண்டு படைக்கும் தலைவர் ஒருவரே. யாரும் பார்க்கவில்லை, வென்றால் பரிசில்லை, விழுந்த பகடையை விரலால் திருப்பி வைத்தால் யாருக்கும் நட்டமில்லை. அப்படித் திருப்பி வைத்தாலும் ஆட்டம் நடக்கும், ஒருவர் ஜெயிப்பார். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் மேசைமுன் உட்கார்ந்திருப்பவர் என்று அதற்கப்புறம் அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்.