எண்ணும் தீர்ப்பும்: போர்த்திறனை விளையாட்டு விதிகளுள் அடக்கலாமா?

மேசையொன்றைச் சூழ நால்வர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் நடுவர், ஏனைய மூவரும் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்றுள்ளனர். அவர்களுள் ஒருவர் ஏற்றிருப்பது பல களங்கண்ட படைத்தலைவனின் பாத்திரம். அவர்முன் உள்ள தாளில் ‘போர்த்தந்திரம் 15’ என எழுதப்பட்டிருக்கின்றது. பாத்திரத்தை ஏற்றவரோ வாழ்நாளில் ஒரு சாரணர் அணியைத்தானும் நடத்தியறியாதவர். கதையிலே பகைவர் பாலத்தை நெருங்குகின்றனர். இப்பொழுது செயற்படவேண்டியது தாளிலுள்ள எண்ணா, மேசையில் இருப்பவரின் மதியா? பாத்திரமேற்றாடும் மேசை விளையாட்டுக்களுக்கு விதி வகுத்தோர் அரை நூற்றாண்டாக எதிர்நோக்கிவரும் சிக்கல் இது. ஆழ்ந்து நோக்குமிடத்து, திறன் என்றால் யாது, அதன் விளைவுக்குப் பொறுப்பாளர் யார் என்னும் மெய்யியல் வினாக்கள் இதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

1983 முதல் 2009 வரை போரின் கொடுமையை அனுபவித்த ஒரு நாட்டிலிருந்து கொண்டு போரை விளையாட்டாகப் பேசுதல் தகுமா எனச் சிலர் வினவக்கூடும். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. முதலில் இவ்விளையாட்டுக்கள் போர்த்திறனை எங்ஙனம் கருதின என்பதை நோக்கி, பின்னர் அதற்கு மீள்வோம்.

போரை விதிகளாலும் பகடையாலும் காட்டும் முறை பிரஷியாவிலே உருப்பெற்றது. 1812இல் ரைஸ்விற்ஸ் என்பார் ஒரு போர் விளையாட்டை அந்நாட்டு மன்னருக்குக் காட்டினார். அவர் மைந்தர் அதனைத் திருத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். நுட்பமான நிலப்படத்தின் மீது படைக்குறிகள் நகர்த்தப்பட்டன. சுடுதலால் விளையும் இழப்பினை அட்டவணையும் பகடையும் தீர்மானித்தன. ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. துப்பாக்கியின் தாக்கத்தையே பகடை அளந்தது. தளபதியின் மதியை அஃது அளக்கவில்லை. எங்கு நகர்வது, எப்பொழுது தாக்குவது என்பவற்றை ஆடிய அதிகாரியே துணிந்தார். திறன் ஆடுவோரிடத்தே இருந்தது.

காலப்போக்கில் அட்டவணைகள் பெருகி விளையாட்டு நெடிதாயிற்று. 1876இல் வெர்டி டு வேர்ணுவா என்னும் பிரஷியப் படை அதிகாரி அட்டவணையையும் பகடையையும் நீக்கி, அனுபவம் மிக்க நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். எண்ணின் இடத்தில் மனிதரை அமர்த்திய இம்மாற்றம் சிறப்புடையதே. ஆயினும், மனிதத் தீர்ப்புக்கும் ஒரு நோயுண்டு. 1942இல் மிட்வே போருக்கு முன் யப்பானியக் கடற்படையினர் நடத்திய போர் விளையாட்டைப் பற்றி, அப்படையின் விமானத் தலைவர்களுள் ஒருவரான பூச்சிடா பின்னர் எழுதினார். பகடையின்படி யப்பானிய விமானந்தாங்கிகள் இரண்டு மூழ்கவேண்டியிருந்தன; நடுவராயிருந்த உகாக்கி தாக்குதலின் எண்ணிக்கையைக் குறைத்து ஒன்றே மூழ்கியது என்றார்; அதுவும் அடுத்த கட்ட விளையாட்டில் மீண்டும் தோன்றியது. அவ்வாண்டு யூன் மாதம் நிகழ்ந்த மெய்யான போரிலோ யப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது. எண்ணுக்குக் கண் இல்லை. ஆனால் அதற்கு ஆசையும் இல்லை. இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

ஐக்கிய அமெரிக்காவில் 1971இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ என்னும் விதிநூலின் பெரும்போர் விதிகளில் ஒரு பொம்மை இருபது வீரரைக் குறித்தது. அதன் ஆசிரியருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சனுடன் இணைந்து 1974இல் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார். அங்கு ஒரு பொம்மை ஒரே மனிதனாயிற்று. அவனுக்குப் பெயரும் வாழ்வும் கிடைத்தன. கூடவே வலிமை, அறிவு முதலான ஆறு பண்புகளும் எண்களாக அவன்மேல் எழுதப்பட்டன. 1977இல் வந்த ‘ட்ரவலர்’ விளையாட்டில் போர்த்தந்திரமே எண் பெற்ற ஒரு திறனாக இடம்பிடித்தது. பிரஷிய அதிகாரியின் மூளையில் இருந்த திறன் இப்பொழுது தாளுக்கு இறங்கிவந்துவிட்டது.

இதற்குச் சார்பாக வலுவான நியாயம் ஒன்றுண்டு. மல்லனாக ஆடுபவரிடம் மேசையைத் தூக்கிக் காட்டுமாறு எவரும் கேட்பதில்லை. அவ்வாறாயின், தளபதியாக ஆடுபவரிடம் மட்டும் தளபதியின் மதியை எதிர்பார்த்தல் நீதியாகுமா? தாம் அல்லாத ஒருவராக ஆகிப் பார்ப்பதன்றோ இவ்விளையாட்டின் பயன்? நாவன்மையும் விரைந்த சிந்தனையும் வாய்த்தவரே எப்பொழுதும் வெல்வாராயின், கூச்சமுள்ளவர் மேசையின் ஓரத்திலேயே இருந்துவிடுவார். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

எனினும், உடல்வலிமையும் போர்த்திறனும் ஒரே வகையின அல்ல. வலிமை ஓர் அளவு. போர்த்திறனோ ஒரு தீர்ப்பு. பிளேட்டோவின் ‘லாக்கெஸ்’ உரையாடலிலே, கவசம் பூண்டு போரிடும் கலையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாமா என்ற வினா எழுகின்றது. தளபதி லாக்கெஸ் அக்கலையின் ஆசான் ஒருவரைப் பற்றி நகைப்புடன் கூறுகிறார்: அவர் புதுமையாக அமைத்த ஆயுதம் கடற்போரில் எதிர்க்கப்பலின் கயிறுகளுட் சிக்கிக்கொள்ள, பார்த்தோர் அனைவரும் சிரித்தனர். பயிற்சிக்கூடத்தில் அவருக்கு எவ்வளவு உயர்ந்த எண் வழங்கப்பட்டிருக்கும்! அரிஸ்டோட்டிலும் நடைமுறை விவேகத்தைக் கணிதத்திலிருந்து வேறுபடுத்தினார். இளைஞர் கணிதத்தில் வல்லவராகலாம், விவேகியாதல் அரிது, ஏனெனில் விவேகம் தனித்தனி நிகழ்ச்சிகளைப் பற்றியது, அவற்றை அனுபவமே உணர்த்தும் என்பது அவர் கருத்து. வள்ளுவரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். மூன்றின் பெயரிலும் பொதுவாயிருப்பது ‘அறிதல்’ என்னும் சொல்லாகும்.

இச்சொல்லே நமது சிக்கலுக்கும் வழிகாட்டுகின்றது. மீண்டும் பாலத்துக்குச் செல்வோம். ஊர்மக்கள் ஆற்றைக் கடக்கும்வரை அப்பாலத்தைக் காக்கவேண்டும் எனக் கொள்வோம். ஒரு விதியின்படி, ஆடுபவர் “என் போர்த்தந்திரத்தைப் பயன்படுத்துகிறேன்” என்று பகடையை உருட்டுகிறார். எண் வாய்க்கின்றது. “வென்றீர், நால்வர் மாண்டனர்” என்கிறார் நடுவர். அந்நால்வர் எங்கு நின்றனர்? அவர்களை அங்கு நிறுத்தியவர் யார்? ஒருவருமில்லை, பகடை நிறுத்தியது. மற்றொரு விதியின்படி, பகடை வாய்த்ததும் நடுவர் கூறுவது வேறு: “அனுபவமுள்ள உன் கண்ணுக்கு இரண்டு புலப்படுகின்றன. பகைவரின் குதிரைப்படையைக் காணவில்லை. மேலே ஆறு ஆழமற்ற துறை ஒன்றுண்டு.” இனித் துணியவேண்டியவர் ஆடுபவரே. துறைக்கு இருபது பேரை அனுப்பினால் பாலம் மெலியும். அனுப்பாவிடின் மக்கள் பின்புறத்தே சூழப்படலாம். அவர் அனுப்புகிறார், அவர்களுட் பலர் மீளவில்லை. “நான் அனுப்பினேன்” என்று அவர் சொல்லியாகவேண்டும்.

1986இல் வெளியான ‘கேர்ப்ஸ்’ விதிகள், போர்த்தந்திரத் திறனின் பயனாகப் பகைவரின் உடனடி நோக்கம் பற்றிய குறிப்புக் கிடைக்கலாம் என்று இடமளித்தமை இவ்வழியில் வைத்த ஓரடியாகும். அறிதலை எண் தரலாம். துணிதலை எண் தரலாகாது. தளபதி ஆண்டாண்டாகப் பெற்ற கண்ணைக் கூச்சமுள்ள ஆட்டக்காரருக்கு விதி கடனாகக் கொடுக்கின்றது. ஆதலின் நீதி பேணப்படுகின்றது. நடுவரின் விருப்பத்தைப் பகடை தடுக்கின்றது. ஆதலின் மிட்வே விளையாட்டின் நோயும் ஓரளவு தணிகின்றது. இவ்வழியில் ஓர் இழப்பும் உண்டு. கண்டதைக் கொண்டும் ஆடுபவர் தவறாகத் துணியலாம். உண்மைத் தளபதி அவ்வாறு துணிந்திரான். ஆயினும், தவறக்கூடிய துணிவே நமக்குரிய துணிவு. அவ்விழப்பை ஏற்பதே தக்கது.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். எச். ஜீ. வெல்ஸ் பொம்மைப் போர்வீரர்களைக் கொண்டாடும் ‘லிட்டில் வோர்ஸ்’ என்னும் சிறு நூலை 1913இல் எழுதியபோது, பொம்மைப் போரிலேயே இத்தனை தடுமாற்றங்கள் நேருமாயின் பெரும்போர் எத்தகைய மடமை என்பதையே இறுதியில் உணர்த்த முயன்றார். மறு ஆண்டே உலகப்போர் மூண்டது. விளையாட்டு போரைத் தடுக்கும் எனக் கூறுதல் இயலாது. ஆனால், போரைப் பற்றி இருவகையாகப் பேசப் பழக்கலாம். இழப்பு, வீதம், விளைவு என எண்ணாலேயே பேசுவது ஒன்று. அம்மொழியிலே எழுவாய் இல்லை, மாண்டோரை அனுப்பியவர் எவரும் இல்லை. இன்னார் கண்டார், இன்னார் துணிந்தார், இன்னாரை அனுப்பினார் என்று பேசுவது மற்றையது. போரைப் பிறர் சொன்ன எண்களாகக் கேட்டுப் பழகிய நாம் முதலாவது மொழியை நன்கறிவோம். நம்மை இரண்டாவது மொழிக்குப் பழக்கும் விளையாட்டு, மேசையில் ஆடப்படுவதாயினும், வெறும் பொழுதுபோக்கன்று. விதி வகுப்போர் எதை எண்ணிடம் ஒப்படைக்கின்றனர், எதை மனிதரிடம் விடுகின்றனர் என்பதிலேயே அதன் அறம் தங்கியுள்ளது.