பொன்னாவுக்கு இரண்டு விடியல்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தபோது, காளியைப் பூவரச மரத்தடியில் விட்டுவிட்டுக் கதை நின்றுபோனது. பிள்ளையில்லாத பெண்கள் முகமறியாத ஆணோடு கூடிப் பிள்ளை பெறலாம் என்று நாவல் சொல்லும் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவுக்கு மனைவி பொன்னா போய்விட்டாள் என்று அவனுக்குத் தெரிந்த இரவு அது. இருப்பானா, போய்விடுவானா? நாலு வருஷம் கழித்து, 2014இல், ஆசிரியர் இரண்டு பதில்களையும் தனித்தனி நாவலாக எழுதினார். ‘ஆலவாய’னில் காளி இறந்துவிடுகிறான். ‘அர்த்தநாரி’யில் பிழைத்துக்கொள்கிறான்.

ஒரே மனிதர்கள், ஒரே இரவு. ஆனால் படிக்கிறவர் மனசில் அவர்கள் ஒரேயடியாக மாறிப்போகிறார்கள்.

முதல் நாவலில் நாம் முழுக்கக் காளி பக்கம்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் பிள்ளையில்லை என்ற ஏச்சை வாங்கிக்கொண்டு, தொண்டுப்பட்டியே கதியென்று மாடுகளோடு கிடப்பவன் அவன். மச்சான் முத்து அவனைக் குடிக்கக் கூட்டிப்போகிறான். காளி சம்மதித்துவிட்டதாகப் பொன்னாவிடம் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. அவளும் ஏமாற்றப்பட்டவள்தான். இது முதல் வாசிப்பிலேயே தெரிகிறது, ஆனால் உறைப்பதில்லை. காளியின் துக்கம் அதை மூடிக்கொள்கிறது.

‘ஆலவாய’னில் அந்தத் துக்கத்துக்கு உரியவன் இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்ற கோபம்தான் வருகிறது. சீராயி அதைவிட ஆச்சரியம். மருமகளைத் திருவிழாவுக்கு அனுப்பும் ஏற்பாட்டில் பங்கிருந்த மாமியாரை முதல் நாவலில் யாருக்குப் பிடிக்கும்? இங்கே பொன்னாவைத் தாங்கி நிறுத்துவதே அவள்தான். சிங்காநல்லூரில் இருக்கும் என் பெரியம்மா படித்துவிட்டுச் சொன்னார்: “பெத்த மவனப் பறிகுடுத்துப்போட்டும் மருமவ கையப் புடிச்சுக்கிட்டா பாரு கண்ணு. அவதான் மனுசி.”

‘அர்த்தநாரி’யில் காளி இருக்கிறான். பேசாமல் இருந்தே பொன்னாவைத் தண்டிக்கிறான். அவன் காயம் அதேதான். மரத்தடியில் அவனுக்காகப் பதறிய நாமே இப்போது எரிச்சல்படுகிறோம். போதும், வாயைத் திறந்து பேசேன் என்று தோன்றுகிறது. செத்திருந்தால் கொடுத்திருக்கும் இரக்கத்தை, இருப்பவனுக்குக் கொடுக்க ஏன் மனசு வரவில்லை?

எங்கள் பக்கம் எழவு வீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். வரப்புத் தகராறில் வருஷக்கணக்காக முகம்கொடுக்காத பங்காளி, பாடை கட்டும்போது தங்கமான மனுசன் ஆகிவிடுகிறார். அதே வாசலில், அவர் சம்சாரம் அவரைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற பேச்சும் ஆரம்பமாகிவிடும். நேற்றுவரை இருந்த அதே புருஷன் பெண்டாட்டிதான். நடந்தது எதுவும் மாறவில்லை, ஒருவர் போய்விட்டார், அவ்வளவுதான். அந்தப் பெண்மணிகளின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. பொன்னாவைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள்தான் எதிரே வந்து நிற்கிறார்கள்.

முடிவைப் பார்த்து மனிதரை எடைபோடுவது ஒரு அநியாயம் என்றால், நடுவில் கிழித்துப் பார்ப்பது அதைவிடப் பெரிய அநியாயம். 2014 கடைசியில் அந்தத் திருவிழாக் காட்சிக்கு எதிர்ப்பு கிளம்பியபோது ‘மாதொருபாக’னின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கையில் கொடுத்தார்கள். அந்தத் தாள்களில் இருந்த பொன்னாவுக்குப் பன்னிரண்டு வருஷ வாழ்க்கையும் கிடையாது, மறுநாள் காலையும் கிடையாது. 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்குத் தடையில்லை என்று சொன்ன பிறகே அவர் எழுத்துக்குத் திரும்பினார்.

எந்த வரிசையில் படிப்பது என்று யாராவது கேட்டால், ‘அர்த்தநாரி’யைக் கடைசியாகப் படிக்கச் சொல்கிறேன். உயிரோடிருக்கும் காளியிடம் கோபமாகவே புத்தகத்தை மூடட்டும். அந்தக் கோபத்துக்கு அவன் இன்னும் பதில் சொல்லக்கூடும். பெரியம்மா இதை ஒத்துக்கொள்வதில்லை. கடைசியில் படிக்க வேண்டியது ‘ஆலவாயன்’தான், சீராயியோடுதான் முடிக்க வேண்டும் என்கிறார்.