தர்ம ஸ்தாபனத்தின் குறையைச் சொல்வது புறமாகுமா?

நோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் ஒரு தர்ம ஸ்தாபனத்தில் முறைகேடு நடப்பதாக நம் காதில் விழுகிறது. பெண் நோயாளியிடம் ஊழியர் ஒருவர் தகாத முறையில் நடந்து கொண்டார் என்கிறார்கள். அல்லது புத்தி பேதலித்தவர்களை அடிக்கிறார்கள் என்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. "நல்ல காரியம் நடக்கிற இடம். அதைப் பற்றிப் பேசிப் பாவத்தைக் கட்டிக்கொள்ளாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் வாயை அடைத்துவிடுகிறார்கள். புறம் பேசுவது ஹராம் என்பதையும், பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நாயகம் (ஸல்) அவர்களின் போதனையையும் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே வாய் மூடியிருப்பதே தக்வா என்று எண்ணிவிடுகிறோம்.

இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியே போதும். ஹஜ்ரத் சையிது இப்ராஹீம் ஷஹீத் (ரஹ்) அவர்களின் தர்காவைச் சுற்றி, மனநோயாளிகளுக்கென்று தனியார் பலர் விடுதிகள் நடத்தி வந்தனர். கனவில் உத்தரவு கிடைக்கும் வரை நோயாளி அங்கே இருக்க வேண்டும் என்பது நம்பிக்கை. (தர்கா சம்பந்தமான மஸ்அலாக்களுக்குள் நாம் இங்கே புகவில்லை, நாம் கேட்பது வேறு.) 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியும் முன், மொய்தீன் பாதுஷா மனநல விடுதியின் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். தீயைக் கண்டு ஓட அவர்களால் முடியவில்லை. சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள்.

அந்தச் சங்கிலி ஒளித்து வைக்கப்பட்ட பொருளா? ஜியாரத்துக்கு வந்து போனவர்கள் கண்ணில் பட்டதுதான். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுப் போன பெற்றோருக்கும் தெரிந்ததுதான். 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி இத்தகைய விடுதிக்கு லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமலேயே நடந்தது. யாரும் கேட்கவில்லை. 28 ஜனாஸாக்களுக்குப் பிறகுதான் கேட்டார்கள். ஒரு வாரத்துக்குள் விடுதிகள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்ட நோயாளிகள் அரசாங்கத்தின் பராமரிப்புக்குப் போனார்கள். மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்போது வெளிப்படையாகவே தடுக்கிறது.

குறையை மறைப்பது பற்றிய போதனை, அடியானுக்கும் அவனது ரப்புக்கும் இடையிலுள்ள பாவத்தைப் பற்றியது. தன் வீட்டுக்குள் வழுக்கி விழுந்தவனை ஊருக்குக் காட்டிக் கொடுக்காதீர்கள் என்பதே அதன் கருத்து. மூன்றாவது ஆள் ஒருவன் அடிபட்டுக் கிடக்கும்போது அது ஹக்குல் இபாத் ஆகிவிடுகிறது. அவனுடைய உரிமையை நாம் எப்படி மறைத்துக் கொடுக்க முடியும்? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், ஒருவரின் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துக் காட்டுகிறார்கள். அநீதியை முறையிடுவதும், தீமையைத் தடுக்க உதவி தேடுவதும், முஸ்லிம்களை எச்சரிப்பதும் அவற்றில் அடங்கும். அந்தப் பாடத்தை நம் மஜ்லிஸ்களில் ஏனோ வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தர்மப் பணியில் இருப்பவரிடம் கணக்குக் கேட்பது ஸுன்னத்துங்கூட. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ஒரு பகுதியை ஒப்படைத்து, மற்றொரு பகுதி தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்ததென்றார். பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அதோடு விடாமல் மக்கள் முன்னிலையிலும் அதை எடுத்துரைத்தார்கள். பதவியைக் கொண்டு பலவீனரிடமிருந்து பெறும் எதற்கும் இந்தக் கேள்வி பொருந்தும். காங்கோ நாட்டில் 2018 முதல் 2020 வரை எபோலா நோய் பரவியபோது, உதவிக்குப் போனவர்களில் சிலர் வேலை தருவதாகச் சொல்லிப் பெண்களின் மானத்தை விலையாகக் கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஊழியர்களும் அதில் இருந்தனர் என்பதை 2021இல் சுயேச்சையான விசாரணைக் குழுவே கூறியது. உலகப் பெயர் பெற்ற ஸ்தாபனத்தின் கதி அதுவென்றால், நம் மஹல்லாவின் சிறு டிரஸ்டுக்கு மட்டும் மேற்பார்வை தேவையில்லை என்பது வீண் பெருமை.

இதனால் காதில் விழுந்ததையெல்லாம் டீக்கடையில் அவிழ்த்துவிடலாம் என்று அர்த்தமல்ல. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் கட்டளை. மானத்தின் மீது அவதூறு சொல்வது பெரும்பாவம். தடுக்கக் கூடியவரிடம் சொல்ல வேண்டும்: நிர்வாகியிடம், அவர் மழுப்பினால் ஜமாஅத்திடம், குற்றமென்றால் போலீஸிடம். குழந்தை விஷயத்தில் நமக்குத் தேர்வே கிடையாது. 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாதிருப்பதே தண்டனைக்குரிய குற்றம்.

கேட்க நாதியற்ற இடங்களில்தான் இந்த அமானிதம் கனக்கிறது. சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைந்து, அதற்கப்பால் மஞ்சக்குட்டை போன்ற சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் இலவச மருத்துவ முகாம் நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடும் முகாம் அது. வந்தவர் டாக்டர்தானா என்று அங்குள்ள கூலித் தொழிலாளி எப்படி அறிவார்? ஆகவே டாக்டரின் பதிவு எண்ணை நாமே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். குழந்தையைத் தனியே அழைத்துப் போகக் கூடாது. மருந்து வாங்குகிறவரின் முகத்தைப் படம் பிடித்து நன்கொடையாளருக்கு அனுப்புவதையும் நிறுத்த வேண்டும். சொல்லிக் காட்டியும் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்ற ஸூரத்துல் பகராவின் எச்சரிக்கை இந்தக் கேமராவுக்கும் சேர்த்துத்தான். முகாமின் பேனரில் தலைவர், செயலாளர் பெயர்களெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். வண்டி மலையிறங்கிய பிறகு குறை சொல்ல வேண்டுமானால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு போன் நம்பர், அதே அளவு எழுத்தில், அந்த ஊரிலேயே விட்டு வரப்பட்டிருக்கிறதா? ஜகாத் பணம் கொடுக்கும் வீட்டார் அடுத்த ரசீதை வாங்கும்போது இதைக் கேட்கட்டும்.