தாகத்தை ஒத்திவைக்கலாமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, தேசிய மின்வலையமைப்போடு இணைக்கப்படாதிருக்கும் நெடுந்தீவில் கிணற்றுநீர் பெரும்பாலும் உவர். உவரகற்றும் பொறிகள் அங்கு நிறுவப்பட்டுள்ளன. தீவின் மின்வலுவோ நீண்டகாலமாக டீசல் மின்பிறப்பாக்கிகளிலேயே தங்கியிருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்று, சூரிய ஒளி, மின்கலவடுக்கு என்பவற்றை டீசலோடு இணைக்கும் கலப்பு மின்திட்டத்துக்கு இலங்கையும் இந்தியாவும் 2022 இல் உடன்பட்டன. 2024 இல் நிருமாண ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. இத்தகைய சிறு மின்தொகுதியை எவ்வாறு அமைப்பது என்பது பொறியியலாளரின் வினா. மின்வலு போதாத வேளையில் எது முதலில் நிறுத்தப்படும் என்பது அவருக்கு மட்டும் உரிய வினாவன்று.

தொகுதியைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு ஒரு வரிசை கொடுக்கப்படுதல் வேண்டும். மின்கலவடுக்கின் சேமிப்புக் குறித்த எல்லைக்குக் கீழே இறங்கியதும் சுமைகள் அவ்வரிசைப்படி துண்டிக்கப்படும். நன்னீராக்கும் பொறி பெரும்பாலும் முதலில் துண்டிக்கப்படுவதொன்று. கடல்நீரை உயரழுத்தத்தில் மென்சவ்வினூடாகச் செலுத்தி ஒரு கன மீற்றர் நன்னீர் பெற ஏறத்தாழ 3 முதல் 4 கிலோவாற்று மணி செலவாகும். காற்று மிகும்போது அதனைச் செய்து தாங்கியை நிரப்பிவிடலாம். மின்னைச் சேமிப்பதிலும் நீரைச் சேமிப்பது மலிவு. ஆகவே இது ‘ஒத்திவைக்கத்தக்க சுமை’ எனப்படுகின்றது.

பொறியைக் குறிக்கும்வரை அச்சொல்லிற் பிழையில்லை. தாங்கி வற்றியபின்னரோ ஒத்திவைக்கப்படுவது தாகமே. அப்போதும் பாதிப்பு எல்லோர்க்கும் சமமன்று. வீட்டிற் பெருந்தாங்கி உடையவர் நான்கு நாள் பொறுப்பார். இரு குடங்களோடு வருபவள் மாலைக்குள் மீண்டும் வரவேண்டும். கணினி எவரையும் அறியாது, ஆதலால் நடுநிலையானது என்பர். அறியாமைக்கு நடுநிலை எனப் பெயரிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஊரவரே வரிசையை வகுக்கட்டும் என்பது எளிய விடை. கடல் கடந்து இருப்பவர் வகுப்பதிலும் அது மேலானதே. ஆயினும் மீன் பழுதுறாதிருக்கப் பனிக்கட்டி வேண்டுவோர் பெரும்பான்மையினராயின், குடத்தோடு நிற்பவள் வாக்கெடுப்பிலும் தோற்பாள். (பனிக்கட்டியும் அற்பமன்று, பலரின் சோறு அது.) எனவே குடிநீரின் ஆகக்குறைந்த மட்டமொன்று வாக்கெடுப்புக்கு அப்பால் வைக்கப்படுதல் வேண்டும். தாங்கி அம்மட்டத்தைத் தொட்டதும் நன்னீராக்கும் பொறி வரிசையின் தலைக்கு வரும். வைத்தியசாலையின் மருந்துக் குளிரூட்டி ஒன்றே அதற்கு முன் நிற்கலாம். மட்டத்துக்கு மேலுள்ளதை ஊரவர் விரும்பியவாறு பங்கிடுக. காற்றில்லாத அவ்விரவுகளில் டீசல் எரியும். புதுப்பிக்கத்தக்க மின்னின் விழுக்காடு குறையும். ஆண்டறிக்கையில் அது குறைபாடாகவே பதிவாகும்.