குறையை யார் சுமப்பது?

நோர்வேயில் வேட்டைக்காரர் பரீட்சையில் தேறி, துவக்கு வாங்கக் காவல்துறையின் அனுமதியையும் எதிர்பார்க்கும் ஒருவரை விடாமல் துரத்துகிற கேள்வி ஒன்று உண்டு: எந்தத் துவக்கு? சில ஆண்டுகளுக்கு முன் அது என்னிடமும் வந்தது. கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். இரண்டும் போல்ட் ஆக்‌ஷன், இரண்டும் .30-06 தோட்டாவுக்கானவை. ஃபின்லாந்தின் ரீஹிமாகி நகரத்தில் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. ஒன்று டிக்கா டி3எக்ஸ், மற்றது சாக்கோ 85. அப்போது சாக்கோவுக்குக் கொடுக்கும் காசில் டிக்கா இரண்டு வாங்கலாம்.

கூட வந்த தம்பி சொன்னார்: “அண்ணை, வாழ்க்கையில ஒருக்கா வாங்கிற சாமான். காசைப் பாக்காமல் நல்லதா எடுங்கோ.”

அன்போடு சொன்ன புத்தி அது. வீடு, கலியாணம், நகை என்று எங்கள் சனம் பெரிய செலவுகளை முடிவுசெய்வதும் பெரும்பாலும் இந்த வாக்கியத்தை வைத்துத்தான். அதனாலேயே நின்று யோசிக்க வேண்டியிருந்தது. நல்லது என்கிறோமே, யாருக்கு நல்லது?

சாக்கோவின் அருமை கையில் எடுத்த உடனேயே தெரியும். எண்ணெய் ஊறிய வால்நட் கட்டை. பிடியில் கீறியிருக்கும் நுண்ணிய கட்டங்கள் உள்ளங்கையில் வந்து ஒட்டும். போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் எங்கும் உரசாமல் வழுக்கி வரும். மகசினைக் கழற்ற, முதலில் அதை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் கொக்கியைத் தள்ள வேண்டும். பற்றைக்குள் நடக்கும்போது கொக்கி எதிலாவது பட்டு மகசின் விழுந்துவிடக் கூடாது என்று எவரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார். தோட்டாவின் நீளத்துக்கேற்ப இயந்திரப் பகுதியே பல அளவுகளில் செய்யப்பட்டது. மகசினை விட்டு எழும் தோட்டாவைப் போல்ட் அப்போதே பற்றிக்கொள்ளும். 1898-ஆம் ஆண்டின் ஜெர்மன் மவுசர் உலகெங்கும் பரப்பிய வழி அது. 1921-இல் தொடங்கிய நிறுவனம் ஒரு நூற்றாண்டாகக் கற்றதெல்லாம் அந்தத் துவக்கில் இருக்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் அது வெறும் பெயருக்குக் கொடுக்கும் விலை என்று எவராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டிக்காவை வேறொரு கேள்வியை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். எதையெல்லாம் குறைத்தாலும் சன்னம் போய்ப் படும் இடம் மாறாது? 2003-இல் டி3 வந்தபோதும், 2016-இல் அதைத் திருத்தி டி3எக்ஸ் ஆக்கியபோதும் அடிப்படை இதுதான். எல்லாத் தோட்டாக்களுக்கும் ஒரே நீள இயந்திரப் பகுதி. சிறிய தோட்டா என்றால், போல்ட் பின்னே வரும் தூரத்தை ஒரு தடை குறைத்துவிடும். சாக்கோவின் போல்ட்டில் பூட்டுப் பற்கள் மூன்று, இதில் இரண்டு. மகசினும் விசையைச் சுற்றியுள்ள காப்பும் பிளாஸ்டிக். எனக்குக் காட்டியதில் கட்டையும் மரமல்ல.

ஆனால் குழலில் அவர்கள் கைவைக்கவில்லை. எஃகுக் குழாயினுள்ளே ஒரு தண்டைச் செலுத்துகிறார்கள். குழலின் உட்சுவரில் வரவேண்டிய சுருள் வரிகளின் எதிர்வடிவம் அந்தத் தண்டில் இருக்கும். எஃகைச் சூடாக்காமலே சுற்றிலுமிருந்து சுத்தியல்கள் அடிக்க, அது தண்டோடு இறுகி வரிகளை வாங்கிக்கொள்கிறது. விலை கூடியதற்கும் குறைந்ததற்கும் இதே முறைதான். டிக்கா 100 யார் தூரத்தில் மூன்று வெடிகளை ஓர் அங்குலத்துக்குள் போடும் என்று தொழிற்சாலை உறுதி தருகிறது. சாக்கோவுக்கு அதே அங்குலத்துக்குள் ஐந்து வெடி. ஐந்து என்பது கடினமான உறுதி, வித்தியாசம் உண்மையானது. ஆனால் அது அந்த ஓர் அங்குலத்துக்குள்ளே இருக்கும் வித்தியாசம்.

இனி, வேட்டைக்கு என்ன தேவை என்று பார்ப்போம். நோர்வேயில் பெரிய விலங்குகளை வேட்டையாட ஒவ்வோர் ஆண்டும் சூட்டுப் பரீட்சை தேற வேண்டும். முதலில் 30 பயிற்சி வெடிகள். பிறகு 100 மீற்றரில் கலைமான் உருவம் ஒன்றின்மேல் ஐந்து வெடிகள், ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள். மார்புக்கூட்டில் நுரையீரலும் இதயமும் இருக்கும் இடத்தை நினைத்து வைத்த அளவு அது. அதே தூரத்தில் விலை குறைந்த துவக்கின் சிதறல் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். மிச்சம் 27 சென்ரிமீற்றரும் எனக்குரியது. என் மூச்சு, குளிரில் விறைத்த என் விரல், எல்க் மான் வெளியில் வந்ததும் காதுக்குள் கேட்கத் தொடங்கும் என் இதயத் துடிப்பு, என் அவசரம். அந்த 27-ஐக் குறைத்துத் தரும் துவக்கு எந்தக் கடையிலும் இல்லை.

எல்க்கின் தோள் மட்டுமே ஆள் உயரம் இருக்கும். நுரையீரலில் பட்டால் சற்றுத் தூரம் ஓடி விழுந்துவிடும். சன்னம் ஒரு சாண் பின்னால் போய்க் குடலில் பட்டால், அது காட்டுக்குள் எங்கோ போய்ப் படுத்து மணிக்கணக்கில் சாகும். அதனால்தான், காயப்பட்டதைத் தேடிப் பிடிக்கப் பழக்கிய, பரீட்சையில் தேறிய நாய் ஒன்று கூப்பிட்டால் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. துவக்கு பிழைத்தாலும் நான் பிழைத்தாலும் அந்தப் பிழையைச் சுமந்துகொண்டு ஓடப்போவது எல்க்தான்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. துவக்கை வைத்திருப்பவர் அதன் சிறப்பைப் பற்றிப் பேசலாம். அதன் முன்னால் நிற்கும் உயிருக்கு, அது எங்கே படும் என்பதைத் தவிர வேறொன்றும் முக்கியமில்லை. இந்த நாட்டில் இறைச்சிக்காக மறுபடி ஒரு துவக்கைத் தொடுவதென்றால், அந்த முன்னால் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தே தொட வேண்டும் என்று முடிவுசெய்திருந்தேன்.

அப்படிப் பார்த்ததும் செலவுகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்தன. மரத்தின் அழகு, போல்ட்டின் வழுவழுப்பு, மகசின் உலோகமா பிளாஸ்டிக்கா என்பது: இவற்றில் குறை இருந்தால் அந்தக் குறை என்னோடு நிற்கும். ஸ்கோப்பைத் துவக்கோடு பிணைக்கும் வளையத்தின் திருகு தளர்வது, அந்தி மங்கலில் கொம்பையும் கிளையையும் பிரித்துக் காட்டாத கண்ணாடி, கைக்குப் பழகாத விசை, சுட்டுப் பார்க்காத தோட்டா: இவற்றின் குறை என்னைத் தாண்டிப் போகும். டிக்காவை எடுத்தேன். ஸ்கோப்புக்குத் துவக்கின் விலையளவுக்கே கொடுத்தேன். மிஞ்சியதெல்லாம் தோட்டாவாகி, கோடை முழுக்கச் சூட்டுத்திடலில் தீர்ந்தது.

இது மலிவுக்கு வக்காலத்து இல்லை. இதே அளவுகோல், ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கவும் விடாது. துவக்கோடு இலவசமாக ஒட்டி வரும் மங்கிய ஸ்கோப்பை இந்தக் கணக்கு ஏற்காது. காசு மிச்சம் பிடிக்க, பயிற்சிக்குச் செலவிடும் தோட்டாவை எண்ணுவதையும் ஏற்காது. கடன்பட்டு அழகான துவக்கு வாங்கி, தோட்டாவுக்குக் கை சுருங்குவது எல்லாவற்றிலும் மோசம்.

எங்கள் வேட்டைக் குழுவின் தலைவரிடம் இருப்பது தகப்பன் விட்டுப்போன மவுசர். 1945-இல் ஜெர்மன் படை இந்த நாட்டை விட்டுப் போனபோது ஆயிரக்கணக்கில் கிடந்த துவக்குகளில் ஒன்று, பின்னர் .30-06 தோட்டாவுக்கு மாற்றப்பட்டது. கட்டையில் பழைய வெடிப்பை அடைத்த பசையின் தடம் இப்போதும் தெரியும். ஒருநாள் அவர் பக்கத்தில் காவலிருந்தேன். பேர்ச் மரங்களுக்கிடையில் தாயும் கன்றுமாக இரண்டு எல்க் வந்தன. கன்றைத்தான் முதலில் சுட வேண்டும், தாயில்லாக் கன்று குளிர்காலம் தாங்காது. கன்று பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நின்றது. எனக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இருக்கமுடியாது என்று பட்டது. அவர் துவக்கை உயர்த்தினார், பார்த்தார், மடியில் வைத்துவிட்டார். இரண்டும் போய் மறைந்த பின் சொன்னார்: “கன்றுக்குப் பின்னால் தாய் நின்றது. சன்னம் கன்றோடு நிற்காது.” அந்தத் துவக்கை இன்று விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அன்று காட்டில் இருந்ததிலேயே விலை கூடியது எது என்றால், அவருடைய அந்த ஒரு கணப் பார்வையைத்தான் சொல்வேன். பல்லாண்டு காட்டில் இருந்து சம்பாதித்தது அது.

எதிர்ப்பக்கத்தின் நியாயத்தையும் சொல்லவேண்டும். சாக்கோ வைத்திருக்கும் சிலரை எனக்குத் தெரியும். அதன் அழகு அவர்களைச் சும்மா இருக்க விடுவதில்லை. துடைக்கிறார்கள், எடுத்துப் பார்க்கிறார்கள், மழை விட்டதும் சூட்டுத்திடலுக்குக் கொண்டு போகிறார்கள். அழகு அவர்களை அதிகம் சுட வைக்கிறது என்றால், அந்த அழகின் பலன் எல்க்கையும் எட்டிவிட்டது. அப்படிப்பட்டவருக்குக் கொடுத்த காசு வீணில்லை. நல்ல மரத்தைத் தேர்ந்து, இழைத்து, எண்ணெயூட்டும் கைத்தொழில் பிழைப்பதும் அவர்களால்தான். பிழை எங்கே என்றால், விலையைக் கொடுத்ததும் கடமை முடிந்துவிட்டது என்று நினைப்பதில். மேலான பொருளை வாங்கிய உடனே நாமும் ஒருபடி மேலாகிவிட்டதாக மனம் சொல்லும். அந்தச் சொல்லை நம்பியவர் பயிற்சிக்குப் போகமாட்டார்.

இந்தக் கேள்வியைக் காட்டிலேயே விட்டுவிட எனக்கு மனமில்லை. கார் வாங்கும்போது தோல் இருக்கைக்கு மேலதிகம் கொடுத்துவிட்டு, பனிக்கால ரயருக்கு வரும்போது கணக்குப் பார்க்கிறோம். இருக்கை சரியில்லை என்றால் வலி என் முதுகுக்கு. ரயர் சரியில்லை என்றால் வலி, வீதியைக் கடக்கும் எவரோ ஒருவருக்கு. எனக்கு இன்பம் தருவதைத் தரம் என்றும், பிறரைக் காப்பதைச் செலவு என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். கண்ணுக்கு முன்னால் பளபளப்பது நம் பங்கு. பிறருடைய பங்கு பெரும்பாலும் அடியில், மறைவில், எவரும் பாராட்டாத இடத்தில் இருக்கிறது. அதனால்தான் அதை வேண்டுமென்றே தேடிப்போய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அந்தத் தம்பி இப்போது பரீட்சைக்குப் படிக்கிறார். அடுத்த இலையுதிர்காலத்துக்குள் அவரும் ஒரு துவக்கு வாங்குவார். எதை வாங்குவது என்று கேட்டால், பெயர் எதையும் சொல்ல மாட்டேன். கையில் இருக்கும் காசை எடுத்துவைத்து, முதல் பங்கை உம்முடைய பிழையைச் சுமக்கப்போகும் உயிருக்கு ஒதுக்கும் என்பேன். நல்ல கண்ணாடி, நிறையத் தோட்டா, சூட்டுத்திடலில் கழியும் மாலைகள், சுடாமல் விடுவதற்கான பொறுமை. அந்தப் பங்கில் கஞ்சத்தனம் கூடாது. அதன் பிறகும் காசு மிஞ்சினால் வால்நட் கட்டை போட்டதையே வாங்கும், ஆசைதீர வைத்திரும். பிறருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு வாங்கும் அழகில் வெட்கப்பட ஒன்றுமில்லை.